வண்டி நின்னா யாரு தூக்குவாங்க? எண்ணூர் ரோடும் ஒரு கேம்பர் வேனும்

(இந்த வார எபிசோடோட எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளையும் இருமல்களையும் எடுத்திருக்கோம். பேச்சு அப்படியே இருக்கு.)

போன ரெண்டு எபிசோட்ல கேம்பர் வேனுக்குள்ள படுக்கை எப்படிப் போடுறது, ஃபேனுக்கு எவ்வளவு பேட்டரி வேணும்னு பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல மெத்தை பத்திதான். ஒருத்தர்கூட "வண்டி நடுரோட்டுல நின்னா என்ன பண்றது?"ன்னு கேக்கல. கேக்க மாட்டோம், அதுதான் மனுஷ இயல்பு. இன்ஸ்டாகிராம்ல வேன் எப்பவும் மலை மேலதான் நிக்கும், அதுவும் சூரிய உதயத்துல. கிளட்ச் போய் எர்ணாவூர்ல நிக்கிற வேனுக்கு யாரும் ரீல் போடுறதில்ல.

இன்னைக்கு அதைப் பத்தித்தான். ரோட்சைடு அசிஸ்டன்ஸ், டோயிங் கவர். பேரைக் கேட்டாலே தூக்கம் வரும். தூங்கிடாதீங்க. ராத்திரி பதினொன்றரைக்கு இது தேவைப்படும்போது படிக்க நேரம் இருக்காது.

ஏன் வடசென்னையை எடுத்துக்கிட்டேன்னு சொல்லிடுறேன். நான் இந்தப் பக்கத்து ஆளுங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த ஊரே வண்டியால ஆன ஊர். எண்ணூர்ல அசோக் லேலண்ட். 1948-ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சது, 1955-ல பேர் மாறுச்சு. திருவொற்றியூர்ல புல்லட் தயாரிச்ச என்ஃபீல்டு ஃபேக்டரி. அதே திருவொற்றியூர்ல 1946-ல பொம்மை பலூன் பண்ற சின்ன ஷெட்டா ஆரம்பிச்சதுதான் பின்னாடி எம்.ஆர்.எஃப் டயராச்சு. லாரி, பைக், டயர் மூணும் பக்கத்துப் பக்கத்துல பொறந்த இடம். ஆனா இங்கயே வண்டி நின்னுட்டா ஓரம் கட்டக்கூட இடம் கிடையாது. அந்த வேடிக்கையில இருந்துதான் இன்னைக்குப் பேச்சு.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை. நீங்க நாலு பேர் பழவேற்காடு போயிருந்தீங்க. ஃபோர்ஸ் ட்ராவலர் மாதிரி ஒரு வேன், பின்னாடி படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணி டேங்க். திரும்பி வரும்போது பொன்னேரி, மீஞ்சூர் வழியா இறங்கி, மணலி புதுநகர் தாண்டி, கண்டெய்னர் நெரிசல்ல ஊர்ந்து, எண்ணூர் எக்ஸ்பிரஸ்வே பிடிச்சு ராயபுரம் நோக்கி வர்றீங்க. இடது பக்கம் கடல், கல்லு கொட்டின கரை. நீங்க போற அதே பக்கம் இடது லேன்ல துறைமுகத்துக்குப் போற டிரெய்லர் வரிசை. திருவொற்றியூர்கிட்ட கிளட்ச் போயிடுச்சு. கியர் விழல. வண்டி நின்னுருச்சு.

முதல்ல யாருக்கு போன் பண்ணுவீங்க? பத்துல எட்டு பேர் "இன்ஷூரன்ஸ் இருக்குல்ல"ம்பாங்க.

இருக்கு. அந்த பாலிசில "டோயிங்"கும் இருக்கு. ஆனா எங்க இருக்குன்னு பாருங்க. நம்ம ஊர் மோட்டார் பாலிசியோட அடிப்படை வாசகம் 2002-ல வந்த இந்தியன் மோட்டார் டாரிஃப்ல இருந்து வருது. விலைக் கட்டுப்பாட்டை 2007-ல எடுத்துட்டாங்க, ஆனா வாசகம் பெரும்பாலும் அப்படியே நடமாடுது. அதுல என்ன எழுதியிருக்குன்னா, விபத்துல சேதமாகி வண்டி ஓட முடியாமப் போனா, அதைப் பாதுகாத்து பக்கத்துல இருக்கிற ரிப்பேர் இடத்துக்குக் கொண்டு போற நியாயமான செலவைக் கம்பெனி ஏத்துக்கும். உச்ச வரம்பு, பிரைவேட் காருக்கு 1,500 ரூபாய். டாக்ஸிக்கும் 1,500. ஆட்டோ மாதிரி மூணு சக்கர வண்டிக்கு 750. டூ வீலருக்கு 300. மத்த கமர்ஷியல் வண்டிக்கு 2,500.

முன்னூறு ரூபாய்க்கு இன்னைக்கு பைக்கை யாரு தூக்குவாங்கன்னு கேக்காதீங்க. எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஆனா தொகையை விட முக்கியமான வார்த்தை "விபத்து". உங்க கிளட்ச் போனது விபத்து கிடையாது. அதே பாலிசில விலக்கு லிஸ்ட்ல மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன், தேய்மானம்னு தெளிவா இருக்கும். யாராவது பின்னாடி வந்து இடிச்சிருந்தா அந்த 1,500 ரூபாய் உங்களுக்கு வரும். சும்மா நின்னா வராது. அதாவது, பாலிசி இருக்கிற நீங்களும் பாலிசியே இல்லாத ஆளும் இந்த ராத்திரில ஒரே நிலைமைலதான் நிக்கிறீங்க.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ரோட்சைடு அசிஸ்டன்ஸ். அது தனி. இன்ஷூரன்ஸோட ஆட்-ஆனா வாங்கலாம். புது வண்டின்னா தயாரிச்ச கம்பெனியே வாரண்டி காலத்துக்குக் குடுக்கும். இல்ல தனியா வருஷச் சந்தா கட்டலாம். பேட்டரி டவுன்னா ஜம்ப் ஸ்டார்ட், பஞ்சர்னா ஸ்டெப்னி மாத்தித் தர்றது, டீசல் தீர்ந்தா கொண்டு வந்து ஊத்துறது (டீசல் காசு உங்களுது), சாவி உள்ள மாட்டிக்கிட்டா திறந்து விடுறது, கடைசியா டோயிங். இதுல டோயிங் மட்டும்தான் பெரிய செலவு. அதனால கண்டிஷன் எல்லாம் அங்கதான் குவிஞ்சு கிடக்கும்.

அந்தக் கண்டிஷன்ல கேம்பர் வேன்காரங்க மாட்டிக்கிற இடம் எடை. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் பிளான் பெரும்பாலும் காரை மனசுல வச்சு எழுதினது. வெளிநாட்டுலயும் இதே கதைதான். பிரிட்டன்ல 1905-லயே ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆரம்பிச்சாச்சு, ஜெர்மனில 1954-ல இருந்து ஏ.டி.ஏ.சி-யோட மஞ்சள் வண்டிகள் ஓடுது. அங்கயே மூன்றரை டன்னுங்கிற கோட்டைத் தாண்டின மோட்டார்ஹோம்னா பல பிளான்ல தனியாப் பேசணும். அமெரிக்காவுல ஏ.ஏ.ஏ சங்கத்துல ஆர்.வி-க்குன்னு தனி மெம்பர்ஷிப்பே விக்கிறாங்க. கார் மெம்பர்ஷிப்போட வீட்டு வண்டியை எடுத்துட்டுப் போனா தூக்க ஆள் வர மாட்டாங்கங்கிறது அவங்களுக்கு ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். நமக்கு இப்பதான் வேன் வாங்குற ஆசை வந்திருக்கு. அதனால இப்பதான் தெரிய வருது.

ட்ராவலர் மாதிரி வேன் மாடலைப் பொறுத்து சுமார் அஞ்சு மீட்டர்ல இருந்து ஏழு மீட்டர் வரை நீளம். எடையில அந்த மூன்றரை டன் கோட்டு மேலயே உக்காந்திருக்கும். அதுக்குள்ள நீங்க பிளைவுட் அலமாரி, ரெண்டு பேட்டரி, நூறு லிட்டர் தண்ணி, நாலு பேர். தண்ணி மட்டுமே நூறு கிலோ, மறந்துடாதீங்க. காரைத் தூக்குற ஃபிளாட்பெட் வண்டி வந்து பார்த்துட்டு, "அண்ணே, இது நம்ம வண்டில ஏறாது"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போகும். அந்த டிரைவர் மேல கோவப்படாதீங்க. அவர் ஒரு சப்-கான்ட்ராக்ட் ஆள். கால் சென்டர்ல உக்காந்திருக்கிறவங்க "வேன்"னு டைப் பண்ணியிருப்பாங்க. அவருக்கு போன்ல வந்தது மாருதி ஆம்னி. வந்து பார்த்தா வீடு நிக்குது.

கால் சென்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது. அவங்க எந்த ஊர்ல வேணா உக்காந்திருப்பாங்க. நீங்க "டோல்கேட் பக்கத்துல நிக்கிறேன்"னு சொன்னா அவ்வளவுதான். நமக்கு டோல்கேட்னா திருவொற்றியூர் டோல்கேட், மெட்ரோ ஸ்டேஷன் பேரே அதுதான். அவங்களுக்கு டோல்கேட்னா ஹைவேல காசு கட்டுற இடம். ரெக்கவரி வண்டியை நல்லூர் டோல் பிளாசாவுக்கு அனுப்பி வச்சுடுவாங்க. அதனால லொக்கேஷன் பின் அனுப்புங்க, கூடவே மெட்ரோ தூண் நம்பரோ, பஸ் ஸ்டாப் பேரோ, எதிர்ல இருக்கிற கோயிலோ கம்பெனி கேட்டோ சொல்லுங்க. எந்தப் பக்கம் போற ரோட்டுல நிக்கிறீங்கன்னும் சொல்லணும். "ராயபுரம் போற பக்கம், கடல் ஓரம்". நடுவுல மீடியன் இருக்கிற ரோட்டுல தப்பான பக்கம் வந்து நின்னா அவங்க யு-டர்ன் அடிக்கவே அரை மணி நேரம்.

ஹைவேன்னு வந்ததால 1033 பத்தியும் சொல்லிடுறேன். அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தோட உதவி எண். நீங்க ரெட்ஹில்ஸ் தாண்டி கும்மிடிப்பூண்டி போற கொல்கத்தா ஹைவேல நின்னா அந்த நம்பர் ரொம்ப உபயோகம். டோல் ரோட்டுல ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வச்சிருக்கணும்னு கான்ட்ராக்ட்லயே இருக்கு. ஆனா அந்த கிரேன் வர்றது ரோட்டைக் காலி பண்ண. உங்களைப் பாதுகாப்பான ஒரு இடத்துல ஒதுக்கி விட்டுட்டுப் போகும், மெக்கானிக் வீட்டு வாசல் வரைக்கும் வராது. ஊருக்குள்ள ரோட்டுல அந்த நம்பரை நம்பி உக்காராதீங்க.

இப்ப அந்த ரோட்டுக்கு வருவோம். எனக்கு இதுலதான் உண்மையான பயம்.

ரோட்சைடு அசிஸ்டன்ஸ் பேப்பர்ல "வாகனத்தை ஓரமாக நிறுத்திக் காத்திருக்கவும்"னு ஒரு வரி இருக்கும். எந்த ஓரம்? இந்த ரோட்டுல ஓரம்ங்கிறதே டிரெய்லர் வரிசைதான். நாப்பது அடி கண்டெய்னர்னா பெட்டி மட்டும் 12 மீட்டர், முன்னாடி இழுக்கிற ஹார்ஸோட சேர்த்தா பதினஞ்சு மீட்டரைத் தாண்டும். காசிமேடு ஜீரோ கேட்டுல இருந்து ஆரம்பிச்ச வரிசை ஒரு காலத்துல நாள் கணக்கா நகராம நின்னிருக்கு. எண்ணூர்-மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம்னு சுமார் 30 கிலோமீட்டர் ரோட்டை அகலப்படுத்தினதே இதுக்காகத்தான். இப்ப பழைய அளவுக்கு இல்ல. ஆனா ராத்திரில வரிசை இருக்கும், லைட் சில இடத்துல இருக்கும், சில இடத்துல இருக்காது.

டிரெய்லருங்க நிக்கும்போது நீங்களும் நின்னா பிரச்சினை இல்ல. வரிசை நகர்ந்து, நீங்க மட்டும் நிக்கும்போதுதான் பிரச்சினை. பின்னாடி இருந்து வேகமா வர்ற பைக்காரருக்கு உங்க வேன் ஓடுதா நிக்குதான்னு ஐம்பது மீட்டர் வரைக்கும் தெரியாது. மத்திய அரசோட சாலை விபத்து அறிக்கையில, நிக்கிற வண்டி மேல மோதினதுக்குன்னு தனி வகையே இருக்கு. அதுல செத்தவங்க பலர் டூ வீலர்காரங்க. நம்ம வேன் நின்னா நமக்கு ஒரு ராத்திரி வீண். பின்னாடி வர்ற ஷிப்ட் முடிச்ச பையனுக்கு அது வேற.

அதனால போனை எடுக்கிறதுக்கு முன்னாடி ஹஸார்டு லைட் போடுங்க. புது நாலு சக்கர வண்டியோட ரிஃப்ளெக்டர் முக்கோணம் ஒண்ணு குடுக்கணும்னு மோட்டார் வாகன விதிலயே இருக்கு. உங்க வேன்ல அது படுக்கைக்கு அடியில எங்கயோ இருக்கும். மெத்தை, பை, கித்தார் எல்லாத்தையும் எடுத்தாதான் கிடைக்கும். இன்னைக்கே அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி மாத்தி வைங்க. அதை வண்டிக்கு ஒட்டி வைக்காம நல்லா நாற்பது, ஐம்பது மீட்டர் பின்னாடி வைங்க. முடிஞ்சா இன்னும் தள்ளி.

லாரிக்காரங்க என்ன பண்ணுவாங்கன்னு பார்த்திருப்பீங்க. மரக்கிளையை ஒடிச்சு வண்டி பின்னாடி செருகுவாங்க, ரோட்டுல வரிசையாக் கல்லு வைப்பாங்க. கிளை நல்ல யோசனை. பச்சை இலை தெரிஞ்சாலே இந்த ஊர்ல எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். கல்லுதான் எனக்குப் பிடிக்காது. ரிப்பேர் முடிஞ்சதும் வண்டி போயிடும், கல்லு அங்கயே கிடக்கும். அடுத்து வர்ற பைக்குக்கு அது எமன்.

பயணிகள் வண்டிக்குள்ள உக்காந்திருக்கக் கூடாது. இடது பக்கக் கதவு வழியா இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளிப் போய் நில்லுங்க. ஏ.சி. ஓடுதேன்னு உள்ள இருக்காதீங்க. அடுப்பு வச்சிருந்தா சிலிண்டர் வால்வை மூடுங்க. டோயிங் ஆள் வந்த உடனே அவரே அதைத்தான் முதல்ல கேப்பார், கேக்கலைன்னா நீங்களே சொல்லுங்க.

சட்டம் இந்த இடத்துல கொஞ்சம் நியாயமா இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 201-வது பிரிவு, ஓடாத வண்டியைப் போக்குவரத்துக்கு இடைஞ்சலா வச்சிருந்தா 500 ரூபாய் வரை அபராதம்னு சொல்லுது. அரசே தூக்கினா அந்தச் செலவும் உங்க தலைல. ஆனா 2019 திருத்தத்துல ஒரு வரி சேர்த்தாங்க: எதிர்பாராம பழுதாகி, அகற்றுற வேலை நடந்துக்கிட்டு இருக்கிற வண்டிக்கு இது பொருந்தாது. அதனால நீங்க போன் பண்ணின நேரம், கால் சென்டர் குடுத்த கோரிக்கை எண், எஸ்.எம்.எஸ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. போலீஸ்காரர் வந்தா, "சார், ரெக்கவரி வண்டி வருது, இதோ மெசேஜ்"னு மரியாதையாக் காட்டுங்க. பெரும்பாலும் அவரே பின்னாடி நின்னு டார்ச் அடிச்சு வண்டிகளைத் திருப்பி விடுவார்.

சரி, ரெக்கவரி வண்டி வந்துருச்சு. இனி இழுக்கிற முறை. இதைத் தெரிஞ்சுக்கிட்டா கிளட்ச் செலவோட நிக்கும், தெரியலைன்னா கியர்பாக்ஸும் சேர்ந்து போகும்.

ஃபிளாட்பெட்ல நாலு சக்கரமும் மேல ஏறிடும். அதுதான் நல்லது. ஆனா உயரம் பாருங்க. ஃபிளாட்பெட் தளமே தரையில இருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர், உயரக் கூரை வேன் இன்னொரு ரெண்டரை மீட்டருக்கு மேல, அதுக்கும் மேல நீங்க வச்ச சோலார் பேனல். இதை வச்சுக்கிட்டு வடசென்னையில ரயில்வே லைனைக் கடக்கிறது சாதாரண விஷயம் இல்ல. மேற்குப் பக்கம் போகணும்னா சப்வேதான் பல இடத்துல. திருவொற்றியூர்ல மாணிக்கம் நகர் சப்வே, வியாசர்பாடி பக்கம் கணேசபுரம் சப்வே. இந்த உயரத்தோட அதுக்குள்ள நுழையக் கூடாது, மேம்பாலம் தேடிச் சுத்தணும். சுத்துற கிலோமீட்டரும் உங்க பிளான்ல இருக்கிற தூர வரம்புலதான் கழியும். அம்பது கிலோமீட்டர் இலவசம்னா அது போக மட்டுமா, ரெக்கவரி வண்டி கிளம்பின இடத்துல இருந்து கணக்கான்னு கேட்டு வைங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஃபிளாட்பெட் கிடைக்கலைன்னா முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கிற வண்டி வரும். ட்ராவலர் மாதிரி பின் சக்கரத்துல ஓடுற வேனை அப்படி இழுத்தா பின் சக்கரம் உருளும், அதோட கியர்பாக்ஸ் உள்ள ஒரு ஷாஃப்ட் சுத்தும். எஞ்சின் ஆஃப்ல இருக்கிறதால எண்ணெய் மேல வரைக்கும் தெறிக்காது. காய்ஞ்சு சுத்தி சூடாகும். அதனால பின்னாடி புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டிட்டுத்தான் தூரம் இழுக்கணும். நாலு போல்ட் வேலை. அனுபவம் உள்ள ரெக்கவரி அண்ணன் கேக்காமலே கழட்டிடுவார். அவசரத்துல வந்த பையன் கழட்ட மாட்டான். "ஷாஃப்ட் கழட்டிடலாமா தம்பி?"ன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டாப் போதும்.

கடைசி வழி, கயிறு கட்டி இழுக்கிறது. நம்ம ஊரோட தேசிய முறை. எஞ்சின் ஓடலைன்னா பவர் ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிடும், பிரேக் பூஸ்டர் ரெண்டு, மூணு மிதிக்கு அப்புறம் வேலை செய்யாது. நாலு டன் வண்டியைப் பிரேக் இல்லாம கயித்துல கட்டி டிரெய்லருக்கு நடுவுல ஓட்டுறது எவ்வளவு தைரியம்னு யோசிங்க. விதிப்படி கட்டி இழுக்கிற ரெண்டு வண்டிக்கும் நடுவுல அஞ்சு மீட்டருக்கு மேல இருக்கக் கூடாது, பின்னாடி வண்டியில லைசென்ஸ் உள்ளவர் ஸ்டியரிங் பிடிக்கணும், பின்னாடி 'ஆன் டோ'ன்னு போர்டு இருக்கணும், மெதுவாத்தான் போகணும். கயித்தைவிட இரும்பு ராடு நல்லது, முன்னாடி வண்டி பிரேக் போட்டா நீங்க போய் இடிக்க மாட்டீங்க. ஏர் பிரேக் உள்ள பெரிய பஸ்ஸை வீடா மாத்தியிருந்தீங்கன்னா கயிறு கதையே வேணாம். காத்து இறங்கினதும் ஸ்பிரிங் பிரேக் பிடிச்சு சக்கரம் பூட்டிக்கும், வெளியில இருந்து காத்து குடுத்தாதான் நகரும்.

ஒண்ணு சொல்லணும். இந்த ரோட்டுல உங்களுக்கு முதல்ல உதவி பண்ணப் போறது கால் சென்டர் இல்ல, பின்னாடி டிரெய்லர்ல இருக்கிற அண்ணன்தான். அவர்கிட்ட செயின் இருக்கும், ராடு இருக்கும், டார்ச் இருக்கும். பதினஞ்சு நிமிஷத்துல உங்களை ஒரு கம்பெனி கேட் பக்கம் ஒதுக்கி விட்டுடுவார். அவர் வண்டி நின்னா அவருக்கு ஆப்போ உதவி எண்ணோ பெருசா இல்ல. ஓனருக்கு போன் அடிச்சுட்டு கேபின்லயே படுத்துக்குவார். டாய்லெட் கிடையாது, நல்ல தண்ணி கிடையாது. நாம ஆசைக்கு வண்டிக்குள்ள வாழுறோம், அவர் பிழைப்புக்கு. உதவி பண்ணினா டீ மட்டும் வாங்கித் தராதீங்க. ரெக்கவரிக்குக் குடுக்கிற காசுல ஒரு நியாயமான பங்கு அவருக்கும் குடுங்க.

இனி பேப்பர் விஷயம். இதை வேகமாச் சொல்லிடுறேன், ஆனா இதுலதான் மொத்தமா கை விட்டுப் போற ஆபத்து இருக்கு.

பழைய சரக்கு வேனையோ ஸ்கூல் வேனையோ வாங்கி, ஒரு கார்பென்டரை வச்சு உள்ள மாத்தி, ஆர்.சி-ல மாத்தாம ஓட்டுறவங்க நிறைய. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அம்சங்கள்ல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல இதைக் கறாரா உறுதி பண்ணிச்சு. மோட்டார் கேரவனுக்குன்னு ஏ.ஐ.எஸ்-124-ன்னு தனித் தரமே இருக்கு. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்னு ஆர்.சி-ல தனி வகையும் இருக்கு. உங்க ஆர்.சி-ல 'கூட்ஸ்'னு இருந்து, உள்ள கட்டிலும் கேஸ் அடுப்பும் இருந்தா, கிளட்ச் போனதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. தீப்பிடிச்சாலோ யாருக்காவது அடிபட்டாலோதான் சர்வேயர் வந்து ஆர்.சி-யையும் வண்டியையும் மாத்தி மாத்திப் பார்ப்பார்.

இன்னொண்ணு, நண்பரோட வெள்ளை போர்டு வேனை நாள் வாடகைக்கு எடுக்கிறது. பிரைவேட் பாலிசில வாடகைக்கு விடக் கூடாதுங்கிறது அடிப்படை நிபந்தனை. நீங்களே ஓட்டுற வாடகை வண்டின்னா கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும். ஜி-பேல "வேன் வாடகை"ன்னு குறிப்பு போட்டு அனுப்பிட்டு, அப்புறம் கிளெய்ம்ல "சும்மா நண்பன் குடுத்தான்"னு சொன்னா எடுபடாது.

மழை. இதைச் சொல்லாம வடசென்னை எபிசோடை முடிக்க முடியாது. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம். ரெண்டு தடவையும் ரெக்கவரி வண்டிக்கு ஊரே காத்துக்கிட்டு நின்னுச்சு. மிக்ஜாம் அப்ப எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெய்யும் சேர்ந்து வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாள்ல பல ரோட்சைடு அசிஸ்டன்ஸ் பிளான்ல இயற்கைச் சீற்றம்னு ஒரு விலக்கு எழுந்து நிக்கும். அதை விடுங்க. தண்ணியில நின்ன வண்டியில செல்ஃப் அடிக்காதீங்க. எஞ்சினுக்குள்ள போன தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும்போது அது வழி விடாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். வெள்ளம் பாலிசில கவர் ஆகும், ஆனா தெரிஞ்சும் ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போனது 'பின்விளைவு'ன்னு தள்ளிடுவாங்க, எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லைன்னா. பேட்டரி வயரைக் கழட்டிட்டு, தண்ணி நின்ன உயரம் தெரியுற மாதிரி போட்டோ எடுத்துட்டு, அப்படியே தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.

இப்ப உங்க வேலை. நாளைக்குக் காலைல ஆர்.சி-யை எடுத்து மூணு விஷயம் பாருங்க: வண்டியோட வகை, எடை, நீளம். தண்ணியும் சாமானும் நிரப்பி ஒரு வே-பிரிட்ஜ்ல ஏத்துங்க, சாத்தாங்காடு பக்கம் போனா எடை மேடைக்குப் பஞ்சமே இல்ல, சில்லறைக் காசுதான். அந்தச் சீட்டை போட்டோ எடுத்து உங்க ரோட்சைடு அசிஸ்டன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்க. போன்ல கேக்காதீங்க, போன்ல எல்லாரும் "கவர் ஆகும் சார்"தான். மெயில்ல கேளுங்க: இந்த எடை, இந்த நீளம், இந்த வகை வண்டியை, பழுதானா, சென்னை 600 019 பின்கோடுல இருந்து தூக்குவீங்களா? எந்த மாதிரி வண்டி அனுப்புவீங்க? எத்தனை கிலோமீட்டர், எந்தப் புள்ளியில இருந்து கணக்கு? உங்க ஆள் வரலைன்னா நான் வெளியில ஆள் பிடிச்சு பில் குடுத்தா எவ்வளவு திருப்பித் தருவீங்க?

அந்தக் கடைசிக் கேள்விக்கு வர்ற பதில்தான் நீங்க வாங்கினதோட உண்மையான விலை. "ஆமா, இவ்வளவு தருவோம்"னு எழுத்துல வந்தா, பக்கத்துல ஒரு நல்ல ஹெவி ரெக்கவரி ஆளோட நம்பரை இப்பவே வாங்கி, பேப்பர்ல எழுதி டேஷ்போர்டுல ஒட்டிடுங்க. போன்ல மட்டும் வைக்காதீங்க, போன் சார்ஜ் தீர்றதும் வண்டி நிக்கிறதும் எப்பவும் சேர்ந்துதான் வரும். பதில் வரலைன்னா, அடுத்த ரினியூவல்ல வேற கம்பெனி.

மெயிலுக்கு என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. கம்பெனி பேர் சொல்ல வேணாம், பதிலை மட்டும் படிச்சுக் காட்டுங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் போடுறோம். அதுல கேஸ் சிலிண்டரை வேனுக்குள்ள எங்க வைக்கிறதுன்னு பேசுவோம். வரட்டா?